பசிக்கும் குழந்தைக்குப் பேரம் தெரியாது

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தஞ்சாவூர், கும்பகோணம், காஞ்சிபுரம், மாமல்லபுரம் போன்ற ஊர்களின் உணவகங்களுக்கு முன்னால் சற்று நேரம் நின்று பார்த்தால், நமது குடும்ப வாழ்க்கையில் நிகழ்ந்திருக்கும் ஒரு மாற்றம் கண்ணுக்குப் புலப்படும். காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு, கோயிலையோ கடற்கரையையோ பார்த்துவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பும் ஒருநாள் பயணம் நடுத்தர வர்க்கத்தின் வழக்கமாகிவிட்டது. முன்பு புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு கிளம்பிய குடும்பங்கள், இன்று "வழியில் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று வெறுங்கையோடு கிளம்புகின்றன. அப்படிக் கிளம்பும் குடும்பத்தில் மூன்று வயதிலும் ஆறு வயதிலும் குழந்தைகள் இருந்துவிட்டால், அந்த மதிய உணவே பயணத்தின் மிகக் கடினமான ஒரு மணி நேரமாகிவிடுகிறது.

இது வீட்டுக் கதைதானே, நாளேட்டில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நீண்ட காலம் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கு, இதில் சந்தையின் இயல்பு பற்றிய முக்கியமான பாடம் ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது.

முதலில் சில எண்கள். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் நடத்தும் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, 1999-2000-இல் நகர்ப்புறக் குடும்பங்களின் மொத்தச் செலவில் உணவின் பங்கு ஏறத்தாழ 48 சதவீதமாக இருந்தது. 2022-23-இல் அது சுமார் 39 சதவீதமாகக் குறைந்தது. வருமானம் உயர உயரச் செலவில் உணவின் விகிதம் குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இல் கூறிய விதிக்கு இது இசைவானதே. ஆனால், அதே காலத்தில் "பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்தப்பட்ட உணவு" என்ற உட்பிரிவின் பங்கு நகர்ப்புறத்தில் 6.35 சதவீதத்திலிருந்து 10.64 சதவீதமாகவும், கிராமப்புறத்தில் 4.19 சதவீதத்திலிருந்து 9.62 சதவீதமாகவும் உயர்ந்தது. இந்தப் பிரிவில் பொட்டலத் தின்பண்டங்களும் அடங்கும் என்பதால், முழுவதையும் உணவகச் செலவாகக் கொள்ள முடியாது. எனினும், அடுப்படிக்கு வெளியே தயாராகும் உணவை நோக்கி நாம் நகர்ந்துகொண்டிருக்கிறோம் என்பதில் ஐயமில்லை.

இதை வெறும் நாக்குச் சபலம் என்று ஒதுக்குவது சரியல்ல. பணத்தைப் போலவே நேரமும் ஒரு குடும்பத்தின் வளம் என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். பின்னாளில் அவர் நோபல் பரிசும் பெற்றார். அவர் கூறும் வழியில் பார்த்தால், வீட்டில் கட்டிய புளியோதரை இலவசமானதன்று. அதன் விலை, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த ஒரு பெண்ணின் உறக்கம். வாரத்தில் ஆறு நாள்கள் வேலைக்குச் செல்லும் தாய், ஏழாவது நாள் உணவகத்தில் சாப்பிடலாம் என்று சொல்வது ஆடம்பரம் அல்ல. தனக்கும் ஒரு விடுமுறை வேண்டும் என்ற நியாயமான கோரிக்கை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சிறு குழந்தையுடன் வெளியூரில் உணவகம் தேடும் குடும்பத்தைப் போல் வலுவற்ற நுகர்வோர் சந்தையில் வேறு எவரும் இருப்பது அரிது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, காத்திருக்க முடியாமை. விலை ஏறினால் வாங்குவதைக் குறைப்பதையோ, தள்ளிப்போடுவதையோ தேவையின் நெகிழ்ச்சி என்கிறோம். பெரியவர்களின் பசிக்குக்கூட ஓரளவு நெகிழ்ச்சி உண்டு. "இன்னும் பத்து கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம்" என்று அவர்களால் சொல்ல முடியும். மூன்று வயதுக் குழந்தையின் பசிக்கு அந்த நெகிழ்ச்சி அறவே கிடையாது. அழத் தொடங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நுழையும் தந்தை விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை. காலியான நாற்காலி எங்கே என்றுதான் பார்க்கிறார்.

இரண்டாவது, தகவல் இல்லாமை. சொந்த ஊரில் எந்தக் கடையில் சாம்பார் காரமாக இருக்கும், எந்தக் கடையில் கழிப்பறை தூய்மையாக இருக்கும் என்பது நமக்குத் தெரியும். வெளியூரில் தெரியாது. தரம் விற்பவருக்கு மட்டும் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கும் சந்தையில் நல்ல சரக்கை மோசமான சரக்கு விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டி நிறுவினார். நெடுஞ்சாலை உணவகங்கள் பலவற்றுக்கும் அது பொருந்தும்.

மூன்றாவது, மீண்டும் வராமை. ஊருக்குள் இருக்கும் உணவகம் நேற்று வந்தவர் நாளையும் வருவார் என்ற நம்பிக்கையில் நடக்கிறது. அந்த நம்பிக்கையே தரத்துக்குக் காவல். சாலையோர உணவகத்துக்கோ, இன்று வந்தவர் மீண்டும் வரப்போவதில்லை. ஆனால், அடுத்த பேருந்தில் வேறு நாற்பது பேர் வருவார்கள். ஓட்டுநர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் பயணி சாப்பிட்டாக வேண்டும். அத்தகைய ஓரிடத்தில் ஆறிப்போன இரண்டு இட்லிக்கு ஊர் விலையைப் போல் இருமடங்கு கொடுத்து வாங்கி, பேத்திக்கு ஊட்டிய அனுபவம் எனக்கும் உண்டு. குறைகூற அங்கே எவரும் இல்லை. கூறியிருந்தாலும் பேருந்து காத்திருக்கப் போவதில்லை.

இம்மூன்றும் சேரும்போது சந்தை தானாகத் தன்னைத் திருத்திக்கொள்வதில்லை. இதைக் குடும்பங்கள் அன்றாடம் சந்திக்கும் இரண்டு நடைமுறைகளில் காணலாம்.

"ஓர் இலையில் ஒருவருக்கு மட்டுமே பரிமாறப்படும்" என்ற அறிவிப்பைப் பல உணவகங்களில் பார்த்திருப்போம். கேட்டுக் கேட்டுப் பரிமாறும் முழுச் சாப்பாட்டுக்கு ஒரே விலை. இந்த விலை சராசரியை வைத்துக் கணக்கிடப்படுவது. குறைவாக உண்பவர் அதிகமாக உண்பவரின் செலவில் ஒரு பகுதியை ஏற்கிறார். ஒரு சாப்பாடு 150 ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, பெற்றோர், இரண்டு குழந்தைகள் என ஆறு பேருக்கு ஆறு இலை போட்டால் 900 ரூபாய், வரியுடன் 945 ரூபாய். குழந்தைகள் இருவருக்கும் பாதி விலையில் அரைச் சாப்பாடு கிடைத்தால் 750 ரூபாய், வரியுடன் 787 ரூபாய் 50 காசு. இரு குழந்தைகளும் சேர்ந்து உண்பது ஓர் இலைக்கும் குறைவுதான். மிச்சம் குப்பைக்குப் போகிறது. குடும்பத்துக்கும் நட்டம், நாட்டுக்கும் நட்டம்.

உணவக உரிமையாளரின் தரப்பையும் கேட்க வேண்டும். ஞாயிறு நண்பகலில் அவர் விற்பது உண்மையில் சோற்றை அல்ல, நாற்காலியை. பெரும்பாலான கோயில்களில் நண்பகலை ஒட்டி நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கப்படுகிறது. நடை சாத்தியதும் வந்திருக்கும் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் உணவகங்களை நோக்கித் திரும்புகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு நாற்காலி எத்தனை முறை நிரம்புகிறது என்பதில்தான் அவருடைய வார வருமானம் இருக்கிறது. குழந்தை பாதிச் சாப்பாடு சாப்பிட்டாலும், முழு நாற்காலியில் இருமடங்கு நேரம் அமர்ந்திருக்கும். அவருடைய தயக்கம் கொடுமையால் வந்ததன்று, கணக்கால் வந்தது.

இன்னொரு நடைமுறை, "மதியம் டிபன் கிடையாது" என்பது. காரம் தாங்காத குழந்தைக்கு இரண்டு இட்லி போதும். ஆனால் பல உணவகங்களில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை சாப்பாடு மட்டுமே கிடைக்கும். அடுப்பும் ஆளும் முழுவதும் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகின்றன என்பது காரணம். விளைவு என்ன? குழந்தைக்குப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வறுவலும் ஒரு குளிர்பானமும் வாங்கித் தரப்படுகின்றன. சத்துள்ள எளிய உணவு கிடைக்காத இடத்தில் சத்தற்ற உணவு நுழைகிறது.

சுற்றுலாத் தலங்களில் குழந்தைகளுக்கென்றே விற்கப்படும் பண்டங்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. ரோடமின்-பி என்ற சாயப்பொருள் கலந்திருப்பது ஆய்வில் தெரியவந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு நிறமூட்டிய பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது. அதுவரை கடற்கரைகளிலும் கோயில் வாசல்களிலும் அதை வாங்கித் தந்தவர்கள் அன்பினால்தான் வாங்கித் தந்தார்கள். தரத்தைக் கண்ணால் கண்டறிய முடியாத பொருளில் அன்பு மட்டும் போதாது; அரசின் சோதனை தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உணவு முடிந்ததும் வரும் ரசீதைப் படிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. 2017 நவம்பர் 15 முதல் பெரும்பாலான உணவகங்களுக்குச் சரக்கு-சேவை வரி 5 சதவீதம் மட்டுமே. குளிர்சாதன வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுவே விகிதம். நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள நட்சத்திர விடுதிகளில் இயங்கும் உணவகங்களுக்கு மட்டும் அது 18 சதவீதம். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருந்து, இணக்க வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த சிறு உணவகங்கள் அந்த வரியைத் தங்கள் கையிலிருந்தே செலுத்த வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது.

"சேவைக் கட்டணம்" என்று சில உணவகங்கள் சேர்க்கும் தொகை வரியே அல்ல. அதை ரசீதில் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்குகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணை ரசீதில் அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள் ஒவ்வோர் உணவின் கலோரி அளவையும் விலைப்பட்டியலில் காட்டியாக வேண்டும் என்ற விதியும் 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது.

ஆறு வயதுக் குழந்தையிடம் ரசீதைக் கொடுத்து எண்களை வாசிக்கச் சொன்னால், கணக்குப் பாடமும் குடிமைப் பாடமும் ஒரே நேரத்தில் நடந்துவிடும். பாட்டில் குடிநீரைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. உணவகங்கள் பரிமாறும் பாட்டில் நீருக்கு அதில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, வீட்டிலிருந்து கொதித்தாறிய நீரைக் கொண்டுபோவது குழந்தையின் வயிற்றுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

இவ்வளவு தொல்லை எதற்கு, குழந்தைகள் வளரும் வரை வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். இதை நான் ஏற்பதற்கில்லை. பொது இடத்தில் முன்பின் அறியாதவர்களுக்கு நடுவே அமர்ந்து உண்பது ஒரு குழந்தை பெறும் முதல் சமூகக் கல்வி. தன் முறை வரும் வரை காத்திருப்பது, பரிமாறுபவரை "அண்ணா" என்று அழைத்து வேண்டியதைக் கேட்பது, பக்கத்து இலையை எட்டிப் பார்க்காமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு என்று உணர்வது ஆகிய அனைத்தையும் அந்த மேசை கற்றுத் தருகிறது.

அந்த மேசை எளிதாகக் கிடைத்ததும் அல்ல. நமது மண்ணில் வழிப்போக்கருக்கு உணவளிக்கும் மரபு நீண்டது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்களை நடத்தினர். அவற்றின் பணிகளை விளக்கி இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், கைக்குழந்தைகளுக்குப் பால் வழங்கப்படுவதையும் குறிப்பிடுகிறார். குழந்தையோடு வரும் பயணியின் தேவையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசு எண்ணிப் பார்த்திருக்கிறது. எனினும், அந்த மரபில் எல்லோரும் ஒரே பந்தியில் அமரவில்லை. பின்னர் வந்த உணவகங்களிலும் சாதிக்கொரு இடம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் உணவகங்களில் எவரையும் தடுக்கக் கூடாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே, யாருடைய பிள்ளை என்று எவரும் கேட்காமல் இன்று ஒரு குழந்தை அமரும் நாற்காலி, போராடிப் பெற்ற உரிமை.

அந்த மேசையைத் துடைத்தவர்களும் ஒரு காலத்தில் குழந்தைகளாகவே இருந்தார்கள் என்பதை என் தலைமுறையினர் நன்கு அறிவார்கள். தண்ணீர் வைக்கவும் எச்சில் இலை எடுக்கவும் பத்து வயதுச் சிறுவர்கள் நின்றிருந்தார்கள். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை உணவகங்களில் வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடைசெய்யப்பட்டது. இன்றும் சாலையோரக் கடை எதிலாவது ஒரு சிறுவன் தட்டு கழுவுவதைக் கண்டால், நம் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே அவனைக் கடந்துபோவது அறமாகாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

என்ன செய்யலாம்? உணவகங்கள் பெரிய முதலீடு ஏதுமின்றிச் செய்யக்கூடியவை சில. குழந்தைக்கான அரைச் சாப்பாட்டை விலைப்பட்டியலில் சேர்க்கலாம். நண்பகலிலும் ஒரு தட்டு இட்லியும் காரமில்லாத தயிர்ச்சோறும் கிடைக்கச் செய்யலாம். கை கழுவும் இடத்தில் ஒரு சிறு படி வைக்கலாம். கூட்டம் குறைந்த நேரத்தில் வரும் குடும்பங்களுக்கு விலையில் சலுகை தரலாம். நாற்காலிதான் அரிதான பொருள் என்றால், அது காலியாக இருக்கும் நேரத்தை மலிவாக விற்பதே நல்ல வணிகம்.

அரசுக்கும் பங்கு உண்டு. பேருந்துகள் நின்று செல்லும் உணவகங்களுக்கான அனுமதியில் குடிநீர், கழிப்பறை, விலைப்பட்டியல், குழந்தைக்கு ஏற்ற ஓர் உணவு ஆகியவற்றைக் கட்டாய நிபந்தனையாக்கி, மீறினால் அனுமதியை நிறுத்த வேண்டும். மாற்றிடம் தேட முடியாத பயணிக்குப் போட்டி தராத பாதுகாப்பை ஒப்பந்தம்தான் தர வேண்டும். 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்த மாநிலம் இது. 2013-இல் அம்மா உணவகத்தைத் தொடங்கி, ஒரு ரூபாய்க்கு இட்லியும் மூன்று ரூபாய்க்குத் தயிர்ச்சோறும் மகளிர் குழுக்களின் கையால் வழங்கிக் காட்டிய மாநிலமும் இதுவே. அதே மகளிர் குழுக்களைக் கொண்டு முக்கியச் சுற்றுலாத் தலங்களில் நியாய விலைச் சிற்றுண்டியகங்களை நடத்துவது இயலாத செயல் அன்று.

கட்டுச்சோறு கொண்டுவரும் ஏழைக் குடும்பங்களையும் மறந்துவிடக் கூடாது. புராதனச் சின்னங்களின் புல்வெளியில் உண்ணக் கூடாது என்பது சரியான விதி. ஆனால், வெளியே ஒரு கூரை, ஒரு குழாய், ஒரு குப்பைத் தொட்டி இருந்தால்தானே அந்த விதியை மதிக்க முடியும்?

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது எளிது. குழந்தைக்குப் பசிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே உணவகத்துக்குள் நுழையுங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்போ, இரண்டு மணிக்குப் பின்போ சென்றால் இடமும் கிடைக்கும், கனிவும் கிடைக்கும். பையில் இரண்டு வாழைப்பழம் வைத்திருங்கள். அதன் விலை சில ரூபாய்தான். ஆனால், கையில் அது இருக்கும் வரை எந்த உணவகமும் உங்கள் அவசரத்துக்கு விலை வைக்க முடியாது. சூடாக இருப்பதை மட்டும் குழந்தைக்குக் கேட்டு வாங்குங்கள். குழந்தை சிந்தியதைத் துடைக்க வரும் தொழிலாளி, பெரும்பாலும் தன் குழந்தையைப் பீகாரிலோ ஒடிசாவிலோ விட்டுவிட்டு வந்தவர். ரசீதில் ஏறும் சேவைக் கட்டணத்தை மறுக்கும் உரிமை நமக்கு உண்டு; அவர் கையில் நேரடியாகப் பத்து ரூபாய் வைக்கும் கடமையும் நமக்கு உண்டு. அதைக் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

ஒரு சமூகம் தன் குழந்தைகளை எப்படி மதிக்கிறது என்பதை அறியப் பெரிய அறிக்கைகளைப் புரட்டத் தேவையில்லை. பசியோடு வந்த ஒரு குழந்தைக்கு, அறியாத ஊரில், நியாயமான விலையில், தூய்மையான இடத்தில், அரை வயிற்றுக்கு ஏற்ற ஒரு சிறு தட்டு உணவு கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும்.